முகம் தெரிந்த ஆஸ்பத்திரி

மாத்திரை பாட்டில் குலுங்கினால் சத்தம் வரும். முப்பது மாத்திரை கொண்ட வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டைப்பையில் போட்டு நடந்தால், கிலுகிலுப்பை மாதிரி ஊருக்கே சேதி சொல்லிக்கொண்டு வரும். அந்த அக்கா கையில் அன்று மூன்று பாட்டில். ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் லேபிளையும் நகத்தால் சுரண்டிக் கிழித்தார். மாத்திரைகளைப் பழைய பெருங்காய டப்பாவில் கொட்டி, மேலே பஞ்சை வைத்து அமுக்கி மூடினார். காலி பாட்டில்களை அங்கே போடவில்லை. "இங்கன போட்டா எவளாச்சும் எடுத்துப் பார்ப்பா" என்றார். பஸ் திருப்புல்லாணி தாண்டியதும் ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் எறிந்துவிடுவாராம்.

ஈரம் பட்டால் மாத்திரை கெடும், பாட்டிலிலேயே இருக்கட்டும் என்று மருந்து தருகிறவர் சொல்லித்தான் அனுப்புகிறார். கடலோர வீட்டில் கல்லுப்பே கசிந்து கிடக்கும், மாத்திரை எம்மாத்திரம். அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் ஈரத்தைவிட லேபிளுக்குத்தான் பயம் அதிகம்.

அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஊர்ப் பெயர் வேண்டாம். சாயல்குடி பக்கத்துக் கடலோரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காலையில் கருவாட்டு வியாபாரம். போன் வந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெளியூர் போய் வருவார். 'பாலியல் தொழிலாளி' என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. 'வெளிய போறது' என்பார், இல்லையென்றால் வெறுமனே 'தொழில்'. எட்டு வருஷமாக எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பது மருத்துவம் இன்று ஏற்றுக்கொண்ட உண்மை. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் காய்ச்சலுக்குக்கூட அந்தப் படி ஏறமாட்டார். "அங்க இருக்கிற நர்சம்மா என் நாத்தனா புருஷனுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி, தம்பி. சீட்டுல மை காயுமுன்ன சேதி வீட்டுக்கு வந்துரும்" என்றார்.

பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு மருத்துவம் கிடைப்பதில்லை என்று பொதுவாக எழுதுவார்கள். தமிழ்நாட்டுக்கு அந்த வாக்கியம் அப்படியே பொருந்தாது. இங்கே மருந்து இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. முகத்தைக் காட்டாமல் அதை வாங்க வழி இல்லை என்பதுதான் சிக்கல். ராமநாதபுரம் கரையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்து பயனில்லை. வழியில் எத்தனை தெரிந்த முகம் வரும் என்று எண்ணித்தான் எந்த ஆஸ்பத்திரி என்று முடிவாகிறது.

இந்தத் தொழில் இந்தக் கரையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். கொல்கத்தாவின் சோனாகாச்சி, மும்பையின் காமாட்டிபுரா மாதிரி தனித் தெரு இங்கே கிடையாது. சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா வேலை தொடங்கியபோது கிளினிக்கைத் தெருவுக்குள்ளேயே வைக்க முடிந்தது, பெண்கள் ஒன்றுகூடிச் சங்கமும் வைக்க முடிந்தது. அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை. ராமநாதபுரத்தில் நிலைமை தலைகீழ். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று ஒரு பக்கம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று ஒரு பக்கம். வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கரையில் ஒவ்வொன்றும் சொந்தபந்தம் பின்னிய ஊர். அதனால் யாரும் சொந்த ஊரில் தொழில் செய்வதில்லை. கிழக்கே இருப்பவர் மேற்கே போவார், மேற்கே இருப்பவர் பரமக்குடிக்கோ மதுரைக்கோ போவார். லாட்ஜ், வாடகை வீடு, நெடுஞ்சாலை ஓரம் எல்லாம் உண்டு. ஆனால் இன்று பாதிக்கு மேல் போனிலேயே முடிந்துவிடுகிறது. கையில் சாப்பாட்டுத் தூக்கோ கருவாட்டுக் கூடையோ துணிப்பையோ இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் வியாபாரி, சமையல் வேலைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரியில் ஆயா. வீட்டில் புருஷனுக்கே பல சமயம் தெரியாது.

ஆக, உடம்பை ஒருவரிடம் காட்டுவது என்றால் இந்த ஏற்பாடு முழுவதையும் அவர் கையில் கொடுப்பது மாதிரி.

அரசுத் திட்டங்கள் இவர்களை எப்படிக் கண்டுகொண்டன என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, அவருடைய மாணவி நிர்மலா 80க்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்தார். அதில் 6 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது வேலூர் சி.எம்.சி.யில் தெரியவந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது அப்படித்தான். அந்தப் பெண்கள் பாலியல் தொழிலுக்காகப் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டவர்கள். விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கிப் பரிசோதிப்பதெல்லாம் பின்னால் வந்த பழக்கம். இந்த நாட்டில் பாலியல் தொழிலாளியும் ரத்தப் பரிசோதனையும் சந்தித்த முதல் இடமே ஒரு பூட்டுக்கு உள்ளே. இதை வெறும் பழங்கதை என்று நான் நினைக்கவில்லை. இன்றும் ரெய்டில் பிடிபட்ட பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊசியும் போலீசும் ஒன்றாகவே வரும் என்ற எண்ணம் சும்மா வரவில்லை.

அப்புறம் வேலை வேகமாகவே நடந்தது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம். 1994இல் மாநில அளவில் இதற்கென்று தனிச் சங்கத்தை இந்தியாவிலேயே முதலில் அமைத்தது தமிழ்நாடு. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமானபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி. 2017இல் தொற்று தெரிந்த உடனேயே மருந்து என்ற கொள்கை வந்தது. அதற்கு முன் எதிர்ப்பு அணுக்கள் ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்று அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்றால் எச்.ஐ.வி. பரிசோதனை, சுகவாழ்வு மையம் என்றால் பால்வினை நோய், ஏ.ஆர்.டி. மையம் என்றால் எச்.ஐ.வி. மாத்திரை. இதற்கு வெளியே, தொண்டு நிறுவனங்கள் வழியாக இலக்கு மக்கள் திட்டம். ஐம்பது அறுபது பெண்களுக்கு ஒருவர் என்று, அதே தொழிலில் இருக்கும் அல்லது இருந்த ஒருவரைப் 'பியர்' ஆக வைத்து, ஆணுறை தந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பார்க்க வைக்கிறார்கள்.

பலனும் இருந்தது. 2021இல் நடந்த தேசியக் கண்காணிப்பில் பெண் பாலியல் தொழிலாளர்களிடம் எச்.ஐ.வி. 2 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. பொதுமக்களிடம் இருப்பதைவிட அது இன்னும் பல மடங்கு. ஆனால் தொண்ணூறுகளில் எல்லாரும் பயந்த அளவுக்குப் போகவில்லை என்றால், அந்தப் பியர் அக்காக்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுத்த ஆணுறைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

நான் சில வருஷம் அப்படியொரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். வவுச்சரும் மாத அறிக்கையும் என் கையில்தான். அறிக்கைத் தாளில் கட்டங்கள் இருக்கும்: எத்தனை ஆணுறை, எத்தனை பேர் டெஸ்ட், எத்தனை பேருக்குச் சிகிச்சை. ஒரு பெண் வந்து பல்வலி என்று மூன்று நாள் அழுதார். கட்டம் இல்லை. ஒருவருக்கு இரண்டு வருஷமாகத் தூக்கம் இல்லை. அதற்கும் கட்டம் இல்லை. ஒருவருக்குச் சர்க்கரை 300ஐத் தாண்டி, காலில் ஆறாத புண். பியர் அக்கா சொந்தக் காசில் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். அந்த ஆட்டோ காசை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நான் மேலே கேட்டேன், பதில் வரவில்லை. அந்தத் தாளைப் பொறுத்தவரை அந்தப் பெண்களுக்கு இடுப்புக்குக் கீழேதான் உடம்பு. அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு என்ன பரவும் என்ற பயத்தில் தொடங்கிய திட்டம், அவர்களுக்கே என்ன வலிக்கிறது என்ற இடத்துக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

இடுப்புக்குக் கீழே உள்ளதாவது ஒழுங்காகப் பார்க்கப்படுகிறதா என்றால், அதிலும் ஒரு சங்கடம். வெள்ளைப்படுதலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பெண்களுக்கு அது நோயே இல்லை, 'சூடு'. உடம்பு சூட்டுக்கு நுங்கு, மோர், ஊறவைத்த வெந்தயம். ராமநாதபுரத்தில் பனைக்கு என்ன பஞ்சம்! கோடையில் நுங்கு சாப்பிட்டே இரண்டு மாதம் ஓட்டிவிடுவார்கள். நாற்றமும் அரிப்பும் வந்தால் சோப்பும் எலுமிச்சையும் போட்டு உள்ளே கழுவுவார்கள். அது இன்னும் கெடுதல். பிறப்புறுப்புக்குள் இயல்பாக இருந்து காக்கும் நல்ல கிருமிகள் கழுவக் கழுவப் போய்விடும், தொற்றுக்குக் கதவு திறந்துவிடும். வெளியூர் போகிற நாளில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் நீர்க்கடுப்பு வேறு. குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்ணீருக்கு அலைகிற மாவட்டம் இது. குழாயில் உப்புத்தண்ணீர் வரும் அறையில் என்ன சுத்தம் பார்ப்பது.

சுகவாழ்வு மையத்தில் இதற்கு மருந்து தயாராக இருக்கிறது. ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்காமல், அறிகுறியை வைத்து நிறம் பிரித்த பொட்டலம் தருவார்கள். கருப்பை வாயிலிருந்து வரும் சீழுக்குச் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். எளிமையான, நல்ல ஏற்பாடு. ஆனால் வெட்டை, கிளமிடியா போன்றவை பெண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருக்கும். அறிகுறி இல்லாதவருக்கு எந்த நிறத்தைக் கொடுப்பது? உள்பரிசோதனை செய்து பார்த்தால்தான் ஓரளவு பிடிபடும். அதற்கு அந்தப் பெண் அந்த அறைக்குள் போக வேண்டும். போவதற்கு முன் வராந்தாவில் அந்த அறைக்கு எதிரே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வும் நம்பிக்கையும் பக்கத்துப் பக்கத்து அறை. மையத்துக்கு வைத்த பெயர் எவ்வளவு நாசூக்கு! ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று சுண்டல் விற்கிறவருக்குக்கூடத் தெரியும்.

ஆணுறைக் கதைக்கு வருவோம். கஸ்டமரிடம் ஆணுறை இல்லாமல் கிடையாது என்று அடித்துச் சொல்கிற பெண்கள் வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள், அதுவும் இரண்டாவது குழந்தையோடு, இருபத்தைந்து வயதுக்குள்ளேயே பலர். கர்ப்ப பயம் போய்விட்டதால் ஆணுறைக்கு நோய் என்ற ஒரே அர்த்தம்தான் மிச்சம். புருஷனிடமோ, 'புருஷன் மாதிரி' இருப்பவரிடமோ அதை நீட்டினால் கேள்வி வரும்: என்மேல் சந்தேகமா, உன்மேல் எனக்குச் சந்தேகம் வரட்டுமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட நோயே மேல் என்று நினைக்கிறார்கள். பாதுகாப்பு தளர்வது பெரும்பாலும் இந்த நெருக்கமான உறவில்தான். எந்தக் கணக்குத் தாளும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

ஆப்பரேஷன் செய்யாத இளம் பெண்களின் பாடு வேறு. அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், சீக்கிரம் போட்டால் பலன் கூடுதல். ஆனால் நம் மருந்துக் கடைகளில் அது லேசில் கிடைப்பதில்லை. கருக்கலைப்புக்குச் சட்டப்படி வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து தேவையே இல்லை. 2021 திருத்தம் 'கணவர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'துணைவர்' என்று போட்டது. திருமணம் ஆகாதவருக்கும் அதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நடைமுறையில் கவுண்டரில் முதல் கேள்வி இன்னும் "கூட யாரும்மா வந்திருக்கா?" என்பதுதான். கூட வர ஆள் இல்லாதவர் தனியாரிடம் போவார். தனியாருக்குக் கொடுக்கும் காசுக்கு அந்த மாதம் இன்னும் கூடுதலாக 'வெளிய போக' வேண்டியிருக்கும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாம் சும்மா கோட்டை விடுகிறோம். எச்.பி.வி. என்ற கிருமியால் வருவது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு மற்றவர்களைவிட ஆறு மடங்கு ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்டுபிடிக்கும் முறையோ சமையலறைச் சமாசாரம் மாதிரி. வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம், நீர்த்தது, கருப்பை வாயில் பஞ்சால் தடவிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்தால் கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள், எச்.ஐ.வி. இருந்தால் இருபத்தைந்திலேயே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அக்காவிடம் கேட்டேன். எட்டு வருஷத்தில் இருபது தடவைக்கு மேல் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், இந்தப் பரிசோதனை ஒரு தடவைகூட நடக்கவில்லை. மாத்திரை தரும் அறை ஒன்று, இதைப் பார்க்கும் அறை ஒன்று. இரண்டுக்கும் நடுவே இன்னொரு வரிசை, இன்னொரு சீட்டு, "என்ன தொழில்?" என்ற இன்னொரு கேள்வி. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் எந்த வரிசையை விடுவார் என்று சொல்லவா வேண்டும்.

பஸ்ஸும் சாதாரண விஷயமல்ல. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் கடலோர ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் பல தடங்களில் ஓடுவது புறநகர்ப் பேருந்து, அதற்குக் காசு உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். 2022 ஜனவரியில் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு, மதுரைக்கு ஓட வேண்டிய பல வேலைகள் இங்கேயே முடிகின்றன. ஆனால் இந்தப் பெண்களில் சிலர் இன்னும் மதுரைக்குத்தான் போகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, யாருக்கும் யாரையும் தெரியாத கூட்டத்தில் நிற்பதற்காக.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். கடலில் பணம் வராவிட்டால் கரையில் எந்தத் தொழிலிலும் வராது. குழுக்கடன் தவணைக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது. அந்த இரண்டு மாதத்தில் திருப்பூர், கோயம்புத்தூர் என்று கிளம்பிவிடுகிற பெண்கள் உண்டு. போன இடத்தில் மாத்திரை தீர்ந்தால், அங்குள்ள மையத்தில் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதற்குச் சிகிச்சைப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும், அதைத்தான் அவர்கள் கொண்டுபோக மாட்டார்கள். காசு கம்மியான மாதத்தில், ஆணுறை வேண்டாம் என்பவனிடம் முடியாது என்று சொல்லும் தைரியமும் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும்.

அட்டை விவகாரம் இருக்கிறதே, அது தனி வழக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் புருஷன் வீட்டில் இருக்கும், ஆள் அங்கே இருக்கமாட்டார். வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் என்ன வேலை என்று கேட்பார். 2020 செப்டம்பரில், அடையாள அட்டை கேட்காமல் பாலியல் தொழிலாளர்களுக்கு உலர் ரேஷன் கொடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 2022 மே 19இல் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு இன்னும் முக்கியமான உத்தரவு போட்டது: முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அதிகாரியின் சான்றை வைத்து ஆதார் கொடுக்கலாம், கார்டில் தொழில் தெரியக்கூடாது. நல்ல உத்தரவுதான். ஆனால் ரகசிய ஆதாருக்கும் முதல் படி, நான் இன்ன தொழில் என்று ஓர் அதிகாரி முன் போய் நிற்பதுதானே. இந்தக் கரையில் அதற்கு எத்தனை பேர் துணிவார்கள்?

அதே உத்தரவு போலீசுக்கும் சில சொன்னது. மரியாதையாக நடத்துங்கள், பாலியல் தாக்குதலுக்கு உள்ளானால் மற்றப் பெண்களுக்கு உள்ள எல்லா மருத்துவ உதவியும் கொடுங்கள், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டி வந்ததே விசித்திரம். ஒரு துறை ஆணுறையைக் கையில் கொடுக்கிறது, இன்னொரு துறை பையில் இருந்ததென்று பிடிக்கிறது. சட்டப்படி, வயதுவந்தவர் தன் விருப்பத்தில் இந்தத் தொழில் செய்வது மட்டும் குற்றமாகாது. ஆனால் 1956 சட்டத்தில் அதைச் சுற்றியுள்ள எல்லாமே குற்றம்: அழைப்பது, இடம் கொடுப்பது, அந்தச் சம்பாத்தியத்தில் வாழ்வது. பதினெட்டு தாண்டிய மகன் அம்மா காசில் சாப்பிட்டால் அவனையும் இழுக்க இடம் உண்டு. கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் கூடாது என்று ஒரு பிரிவு. தீர்த்தமும் மடமுமாக இருக்கிற ராமேஸ்வரத்தில் 200 மீட்டருக்கு வெளியே என்றால் கடலுக்குள்தான் போக வேண்டும்! இதற்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், நேரடியாகவே இருக்கிறது. பயந்து ஒளிகிற இடத்தில் பேரம் பேச நேரம் இல்லை, விளக்கு இல்லை, கூப்பிட ஆள் இல்லை. இந்தத் தொழிலைக் குற்றமாக்காமல் விட்டால் பத்தாண்டுகளில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்று 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கணக்கு ஒன்று சொல்கிறது.

அடிபட்டு, வன்முறைக்கு உள்ளாகி வருகிறவர்களுக்கு நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். தாமதமானால் பயன் இல்லை. புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாது. அரசோ தனியாரோ, முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பலாத்காரத்துக்கு உள்ளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்துச் சொன்னது. ஒரு பெண்ணின் முந்தைய பாலுறவு வாழ்க்கைக்கும் இந்தக் குற்றத்துக்கும் சம்பந்தமில்லை என்றது. இந்தப் பெண்களுக்கு அந்த வாக்கியம் எவ்வளவு பெரியது என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்தால் தெரியும். பலர் நம்பவில்லை.

மனசு பற்றி ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனது இந்தக் கரையில்தான். அதற்குப் பிறகு மாவட்டத்தில் மனநல மருத்துவம் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் 'மனநல டாக்டர்' என்றால் அந்தச் சங்கிலி ஞாபகம் இன்னும் போகவில்லை. தூக்கம் இல்லாத பெண் தர்காவுக்குப் போவார், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வார், கொஞ்சம் குடிப்பார். 14416 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம் என்று சொன்னபோது ஒருவர் கேட்டார்: "பேர் சொல்ல வேணாம்னா சரி, வீட்டுல எந்த மூலையில நின்னு பேசுறது?"

திருநங்கைகளுக்கு இந்தச் சிக்கலில் பாதி மாறும், பாதி கூடும். அவர்களால் மறைக்க முடியாது, அதனால் மறைக்கிற பாரம் இல்லை. சங்கம், வாரியம், அடையாள அட்டை எல்லாம் உண்டு. கேலி மட்டும் வாசலிலேயே தொடங்கிவிடும். அது தனிக் கட்டுரை.

ஒருவருடைய எச்.ஐ.வி. விவரத்தைச் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிற 2017 சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்ட ஆஸ்பத்திரியை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அப்படி இல்லை. ஆனால் சட்டம் தாளைத்தான் மூடும். சொந்தக்காரி நர்சின் கண்ணை எந்தச் சட்டம் மூடும்?

இதற்கெல்லாம் தீர்வு என்று தனி ஆஸ்பத்திரி கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனியாக ஒரு கதவு வைத்தால், அந்தக் கதவே பெயர்ப்பலகையாகிவிடும். எனக்குப் பிடித்த உதாரணம் வேறு, இவர்களுக்காக யோசித்ததே அல்ல அது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்களுக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எல்லார் வீட்டுக்கும் வருவதால் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. 300 சர்க்கரையோடு இருந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது மாத்திரை வீட்டில் கிடைக்கிறது, அவர் யார் என்று கேட்காமல். கருப்பை வாய்ப் பரிசோதனையை 'முப்பது தாண்டிய எல்லாப் பெண்களுக்கும்' என்று ஊர் முகாமாகப் போட்டால் அதில் இவர்களும் வந்து நிற்பார்கள். 'பாதிப்பு வாய்ப்புள்ள பெண்களுக்கு' என்று போட்டால் ஒரு ஆள் வராது. ஏ.ஆர்.டி. மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதும் அப்படித்தான். வருஷத்தில் பன்னிரண்டு பொய் சொல்ல வேண்டிய இடத்தில் நான்கு போதும்.

அந்தப் பொய்க்கும் செலவு உண்டு. ராமநாதபுரத்துக்கு எதற்குப் போனாய் என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு பொருள் வேண்டும். அந்த அக்கா ஒவ்வொரு தடவையும் சின்ன வெங்காயம் வாங்குவார், ஊரைவிட டவுனில் விலை கம்மி என்று பெயர். பெருங்காய டப்பா வெங்காயத்துக்கு அடியில் போகும். போன தடவை அந்த நர்சம்மா பிரஷர் பார்க்கத் தெருவுக்கு வந்தபோது, இவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "ராம்நாடு போனியா? வெங்காயம் என்ன விலை?" என்றாராம். சொன்னார். "அடுத்த தடவை போறப்ப எனக்கும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வா. மூணு மாசம் கழிச்சுத்தானே?"

"தெரிஞ்சு கேட்டாகளா, தெரியாமக் கேட்டாகளான்னு வெளங்கல, தம்பி" என்றார் அக்கா. இரண்டு கிலோ வாங்கித்தான் வைத்திருந்தார், தனிப் பையில்.